அடியில் ஒன்றுமே இல்லாத ஆல் வீல் டிரைவ்: 3,85,000 ரூபாய் போன கதை

ஆல் வீல் டிரைவ் என்று சொல்லி எனக்குப் பழைய கார் விற்ற கடைக்கு நேற்று நேரிலேயே போய் வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். 3,85,000 ரூபாய் அப்படி விடக்கூடிய பணம் இல்லை. மலைக்குப் போக, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி (ஆல் வீல் டிரைவ், ஃபோர் பை ஃபோர்) மலிவாகத் தேடிக்கொண்டிருக்கும் டெல்லித் தமிழர் யாராவது இருந்தால் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு மலையேறுவது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. ஆப்பிள் கிடங்குகளின் குளிர்பதன இயந்திரங்களுக்குச் சர்வீஸ் பார்க்கிறேன். சிம்லா தாண்டி, நார்கண்டாவுக்கு அந்தப் பக்கம் கோட்கட் வட்டாரத்தில் இரண்டு கஸ்டமர்கள். வெளியே பனி கொட்டும்போது குளிர்பதனத்துக்கு என்ன அவசரம் என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். இந்தக் கிடங்குகளில் குளிர் மட்டும் போதாது, உள்ளே ஆக்சிஜனையும் குறைத்தே வைத்திருக்க வேண்டும். அந்த இயந்திரம் நின்றால் ஆப்பிள் பழுக்கத் தொடங்கிவிடும். அதனால் ஜனவரியிலும் போன் வந்தால் கிளம்பியாக வேண்டும். குஃப்ரி, ஃபாகு பக்கம் வெயில் படாத வளைவுகளில் சாலை மேல் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருக்கும். முன் சக்கர டிரைவ் ஹேட்ச்பேக்கில் இரண்டு குளிர்காலம் ஓட்டி, போன வருஷம் ஒரு பாறையில் கதவைக் கொடுத்த பிறகுதான் இந்த யோசனையே வந்தது.

ஒரு செயலியில் தேடினேன். பழைய கார்களைப் பட்டியல் போட்டு, ஆய்வறிக்கையும் சேர்த்துத் தருகிற வகைச் செயலி. 2017 மாடல் டஸ்டர், ஆல் வீல் டிரைவ், டீசல், 3,85,000 ரூபாய். அந்த விலைக்கு அந்த வண்டி என்றால் சந்தேகம் வர வேண்டும். வந்தது. கடைக்காரரே பதில் வைத்திருந்தார்: டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான், இதற்கு ஆயுள் முடியப் போகிறது, அதனால்தான் விலை இறங்கிவிட்டது. அது உண்மையான காரணம் என்பதுதான் கொடுமை. டெல்லியில் நிறைய நல்ல டீசல் வண்டிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே மலிவாகப் போகின்றன. பொய்க்குப் பக்கத்தில் ஒரு நிஜத்தை நிறுத்தி வைத்தால் நாம் நிஜத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம்.

கடை கரோல் பாக் பக்கம். அங்கே ஒரு பையன். நான் மனைவியோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, எந்த ஊரு?" என்றான். பாபநாசம் என்றேன். "அட, நான் கும்பகோணம்ணே!" அவ்வளவுதான். இருபது வருஷமாக டெல்லியில் இருக்கிறவனுக்கு அந்த "ண்ணே" என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சி டீ வந்தது. "வேற ஆளுன்னா 4,20,000 சொல்லுவோம்ணே, உங்ககிட்ட எதுக்கு" என்றான். வண்டியை ஸ்டார்ட் செய்து, டூ வீல், ஆட்டோ, லாக் என்று இருக்கிற அந்தத் திருகைத் திருப்பிக் காட்டினான். லாக்கில் வைத்ததும் மீட்டரில் விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா, நாலு வீலும் இழுக்குது."

நான் குனிந்தேன். இதை நூறு முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், நான் நிஜமாகவே குனிந்தேன். முழங்காலைத் தரையில் வைக்கப் போகும்போது அவன் என் தோளைத் தொட்டு, "வெள்ளச் சட்டை போட்டிருக்கீங்க, அழுக்காயிடும்ணே. அடியில எல்லாம் நானே பாத்துட்டேன்" என்றான். எழுந்துவிட்டேன். நானே ஒரு சர்வீஸ் ஆள். "அங்கே பார்க்க வேண்டாம் சார்" என்று என் கஸ்டமர் சொன்னால் முதலில் அங்கேதான் டார்ச் அடிப்பேன். அன்றைக்கு எழுந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை கோட்கட்டிலிருந்து போன் வந்தது. என்னோடு வேலை செய்கிற பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கூலன்ட் மாற்றியிருந்தேன், பேட்டரி புதுசு, மண்வெட்டி ஒன்று, கம்பளி இரண்டு. எல்லாம் படித்துத் தயாராகிப் போன பெரிய மனுஷன். தியோக் வரை சிரமமில்லை. மதியானா தாண்டி நார்கண்டா ஏற்றத்தில் புதுப் பனி நான்கு விரல் உயரம் கிடந்தது. லாக்கில் போட்டேன். விளக்கு எரிந்தது. முன் சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன, வண்டி நின்ற இடத்திலேயே மூக்கை ஆட்டியது, அப்புறம் மெதுவாகப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. இடது பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக் போட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு வழுக்கி, சாலையோரத்துக் கல்லில் பின் டயர் முட்டி நின்றது. பையன் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து குதித்துவிட்டான்.

பின்னாலேயே சக்கரத்தில் சங்கிலி கட்டிய பழைய ஆல்டோ ஒன்று ஏறி வந்தது. ஓட்டியவர் உள்ளூர்ப் பெரியவர். இறங்கி, என்னை மறுபடி கிளப்பச் சொல்லிப் பின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை அசையவே இல்லை. பிறகு பனியில் அப்படியே மல்லாக்கப் படுத்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாயி சாப், நீச்சே தோ குச் ஹை ஹி நஹீ." அடியில் ஒன்றுமே இல்லையே, ஐயா.

நானும் படுத்துப் பார்த்தேன், இந்த முறை எந்தச் சட்டை என்று யோசிக்காமல். முன்னாலிருந்து பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட், வண்டியின் அடியில் நடுவே ஓட வேண்டிய அந்தத் தண்டு, இல்லை. கழற்றிவிட்டிருக்கிறார்கள். முன்பக்கம் அது சேர வேண்டிய ஃபிளேஞ்ச் (இணைப்புத் தட்டு) வெறும் போல்ட் துளைகளோடு பல்லிளித்தது. துளைகளைச் சுற்றிக் கிரீஸ் துடைத்துச் சுத்தமாக இருந்தது, அதுதான் வயிறு எரிந்தது. பேரிங் தேய்ந்து சத்தம் வந்திருக்கும், புதுசு போட்டால் செலவு, கழற்றிவிட்டால் சத்தமும் போச்சு, செலவும் போச்சு என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். கழற்றினாலும் வண்டி முன் சக்கரத்தில் ஜோராக ஓடும். திருகைத் திருப்பினால் விளக்கும் எரியும். நான் 3,85,000 ரூபாய் கொடுத்தது அந்த விளக்குக்கு.

அன்று இரவு மதியானாவிலிருந்து கும்பகோணத்துப் பையனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நான்தான், பாபநாசம்..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. பிறகு, "கௌன் போல் ரஹே ஹைன்?" யார் பேசுறீங்க என்று இந்தியில். அதே குரல். தமிழில் மறுபடி சொன்னேன். "ஹிந்தி மே போலியே சார், சம்ஜா நஹீ." இந்தியில் பேசுங்க சார், புரியலை என்கிறான். இரண்டு வாரத்தில் தமிழ் மறந்துவிட்டது.

செயலிக்காரர்களிடம் புகார் எண் வாங்கினேன். அவர்களுடைய ஆய்வறிக்கையில் டிரான்ஸ்மிஷனுக்கு நேராகப் பச்சை டிக் இருக்கிறது. 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி மட்டும் வந்தது. திரும்பக் கூப்பிட்டால், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலையாம்.

நேற்று கடையில் முதலாளி என் முன்னால் ஒரு காகிதத்தை விரித்தார். ஓட்டிப் பார்த்து, உள்ள நிலையில் திருப்தியோடு எடுத்துக்கொண்டேன் என்று கீழே என் கையெழுத்து. "பில்லில் ஆல் வீல் டிரைவ் என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். இல்லை. மாடல் பெயரும் பதிவு எண்ணும்தான் இருக்கின்றன. "வண்டி ஓடுகிறதா இல்லையா? ஓடித்தானே வந்தீர்கள்?" 3,85,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டுமானால் 2,10,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார், சிரிக்காமல். பையன் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காவல் நிலையத்தில் எழுதிக்கூட வாங்கவில்லை, சிவில் விஷயமாம்.

சரி, எச்சரிக்கைகள். வண்டிக்கு அடியில் நீங்களே படுத்துப் பாருங்கள், இல்லையென்றால் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள்; பின் ஆக்ஸில் வரை தண்டு ஓட வேண்டும். விளக்கையும் பேட்ஜையும் நம்பாதீர்கள். மணலிலோ ஈரப் புல்லிலோ ஏற்றி, வெளியே ஒருவரை நிறுத்திப் பின் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுத்தாலும் பனியில் பிரேக் பிடிக்க அது உதவாது, டிக்கியில் சங்கிலி வையுங்கள். பில்லில் "ஆல் வீல் டிரைவ் இயங்கும் நிலையில்" என்று எழுதி வாங்குங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கிற கடைக்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதையும் கேளுங்கள், நான் கேட்கவில்லை. இன்னும் எழுத இருந்தது, இப்போது முடியவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. போடுவேன். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள், வக்கீல் இல்லாமல் வாதாடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கோட்கட் கஸ்டமர் வேறு ஆளை வைத்து வேலையை முடித்துக்கொண்டார். வண்டி கீழே நிற்கிறது. காற்று மாசுக்காக, கிராப் எனப்படும் கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டத்தை அறிவித்துவிட்டார்கள். பிஎஸ் 4 (பழைய புகை விதி) டீசல் என்பதால் டெல்லிக்குள் எடுக்கவும் முடியாது. பழைய ஷாஃப்ட் ஏதாவது கிடைக்குமா என்று பழைய உதிரி பாகச் சந்தையான மாயாபுரிக்கு மெட்ரோவில்தான் போகிறேன்.