சுகர்பீட்டுக்கு எந்தப் பொட்டாஷ்: எம்ஓபியா, எஸ்ஓபியா, கைனைட்டா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கான சுகர்பீட்டுக்கு, பெரும்பாலான நிலங்களில் என் ஓட்டு மியூரேட் ஆஃப் பொட்டாஷுக்குத்தான், அதாவது எம்ஓபிக்கு (பொட்டாசியம் குளோரைடு). ஆனால் விதைப்பை ஒட்டிப் போடுவதாக இருந்தால் அந்த ஓட்டை வாபஸ் வாங்கிக்கொள்வேன்.

சத்துக் கணக்கு எளிது. எக்டேருக்கு 100 கிலோ பொட்டாஷ் சத்து வேண்டுமென்றால், 60 சதவீதம் உள்ள எம்ஓபி 167 கிலோ போதும். 50 சதவீதம் உள்ள எஸ்ஓபி (சல்பேட் ஆஃப் பொட்டாஷ்) 200 கிலோ ஆகும். கைனைட் என்பது சோடியமும் கலந்த இயற்கை உப்புக் கனிமம்; அதில் பொட்டாஷ் சத்து சுமார் 10 சதவீதம்தான், அதனால் ஒரு டன்னே இறைக்க வேண்டியிருக்கும்.

எஸ்ஓபியின் பெருமையே அதில் குளோரைடு இல்லை என்பதுதான். புகையிலைக்கு அது பெரிய விஷயம். சுகர்பீட்டோ கடலோரக் காட்டு பீட்டின் வம்சம், உப்பு மண்ணில் வளர்ந்த பரம்பரை. வளர்ந்த பயிரைக் குளோரைடு ஒன்றும் செய்வதில்லை. எஸ்ஓபியோடு வரும் 18 சதவீதக் கந்தகம் நல்லதுதான், ஆனால் கந்தகம் மட்டும் வேண்டுமென்றால் அம்மோனியம் சல்பேட்டோ ஜிப்சமோ போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வளர்ந்த சுகர்பீட் மண்ணின் உப்புத்தன்மையை (மின்கடத்துத்திறன்) மீட்டருக்கு 7 டெசிசீமன் வரை தாங்கும், முளைக்கும்போது 3-க்கு மேல் தாங்காது. விதை விழுவது 2.5 செ.மீ. ஆழத்தில். விதைப்பதற்கு முந்தின வாரம் மேலாக இறைத்த எம்ஓபி கரைந்து அந்த அடுக்கிலேயே நிற்கும். மழை இல்லாவிட்டால், மண் காயக் காய அடியிலுள்ள உப்பும் மேலேறி வரும். உரம் மண்ணின் நீரில் எவ்வளவு உப்புத்தன்மை ஏற்றும் என்பதைக் காட்டும் உப்புக் குறியீட்டில் எம்ஓபி 116, எஸ்ஓபி 46 என்பதை நினைவில் வைத்தால் மீதி புரியும்.

சேதம் முதலில் தெரிவது வயலின் தலைமாட்டில், உரம் வீசும் கருவி திரும்பி இரட்டிப்பாக விழுந்த இடங்களில். அங்கே வரிசையைத் தோண்டிப் பாருங்கள். மேல்மண் இறுகியதால் வந்த இடைவெளி என்றால் முளை அடியில் வளைந்து சுருண்டு கிடக்கும். உப்பு என்றால் விதை ஊறியும் முளைவிடாமல் இருக்கும், அல்லது வேர்முனை பழுப்பேறியிருக்கும். சுகர்பீட் தூர் கட்டும் பயிர் அல்ல. எக்டேருக்கு ஒரு லட்சம் செடி என்ற இலக்கில் விழுந்த ஓட்டையைப் பக்கத்துக் கிழங்குகள் பருத்து ஓரளவுதான் ஈடுகட்டும். அப்படிப் பருத்தவை உயரம் மாறி நிற்பதால் அறுவடையில் இயந்திரம் இலைக்கொண்டையை வெட்டுவதும் சீராக இருக்காது.

ஆகவே களிமண்ணிலும் கனத்த வண்டலிலும் முந்தைய பயிர் அறுவடை முடிந்ததும் எம்ஓபியை இறைத்து, உழுது புதைத்துவிடுங்கள். குளோரைடு மழையோடு கீழே போய்விடும், பொட்டாஷ் களியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மணலில் இது நடக்காது. பிடித்து வைக்கக் களி இல்லாததால் பொட்டாஷும் சேர்ந்து இறங்கிவிடும். அங்கே மழைக்காலம் ஓய்ந்த பிறகு, விதைப்புக்கு மூன்று வாரமாவது முன்பு போட்டு மண்ணோடு கலக்க வேண்டும்.

எஸ்ஓபி கூடுதல் விலைக்கு நியாயம் சொல்லக்கூடிய ஒரே சமயம், அந்த மூன்று வாரம் கைநழுவிப் போனால்தான். அப்போதும் அளவைப் பாதியாக்கி, மீதியை அடுத்த பயிருக்குத் தள்ளலாம். மண்ணில் இருப்பு நடுத்தரமாக இருந்தால் ஒரு பருவம் தாங்கும்.

கைனைட் வெல்வது மணற்பாங்கான, சோடியம் குறைந்த நிலத்தில். மண்ணில் சோடியம் கிலோவுக்கு 25 மி.கி.க்குக் கீழே இருந்தால் சுகர்பீட் அதற்கு ஏங்கும். இலையில் நீரழுத்தம் காக்கும் வேலையில் பொட்டாஷுக்குப் பதிலாகச் சோடியமே பாதி சுமையைத் தூக்கும். ஆனால் 167 கிலோ எம்ஓபியோடு 380 கிலோ விவசாய உப்பு சேர்த்தாலும் எக்டேருக்கு 150 கிலோ சோடியம் கிடைத்துவிடும், ஒரு டன் சுமக்க வேண்டியதில்லை. கைனைட்டோடு கொஞ்சம் மக்னீசியமும் வரும், அது குறைந்த மணலுக்குக் கைனைட்டையே எடுக்கலாம். இரண்டு வழியிலும் உப்புச் சுமை மிக அதிகம் என்பதால் அந்த மூன்று வாரக் கெடுவில் சலுகை கிடையாது. களிமண்ணில் பொதுவாகச் சோடியம் போதுமான அளவு இருக்கும்.

எவ்வளவு போடுவது? ஒரு டன் கிழங்கு வயலைவிட்டு எடுத்துச் செல்வது சுமார் 1.7 கிலோ பொட்டாஷ். 80 டன் விளைச்சலுக்கு 136 கிலோ. நடுப்பருவத்தில் பயிர் உறிஞ்சி வைத்திருப்பது 400 கிலோவைத் தாண்டலாம், ஆனால் அதில் பெரும்பங்கு இலையில். இலையை வயலிலேயே விட்டால் அது மண்ணுக்கே திரும்பும். மாட்டுத் தீவனமாக ஏற்றிப் போனால் கணக்கு தலைகீழ். அம்மோனியம் நைட்ரேட் முறை மண் பரிசோதனையில் பொட்டாசியம் லிட்டருக்கு 240 மி.கி.க்கு மேல் வந்தால் ஒரு பருவம் விட்டுவிடலாம். வேறு முறையில் சோதிக்கும் ஆய்வகத்தின் எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள்.

மிகையாகப் போட்டால் ஆலையில் இடிக்கும். கிழங்கிலுள்ள மாசுகளை வைத்து ஆலையின் சர்க்கரை இழப்பைக் கணக்கிடும் பிரவுன்ஷ்வைக் சூத்திரப்படி 100 கிராம் கிழங்கில் பொட்டாசியம் 1 மில்லிமோல் ஏறினால் 0.12 சதவீதப் புள்ளி சர்க்கரை கழிவுப்பாகோடு போகும். 80 டன்னில் அது 96 கிலோ. ஆல்பா அமினோ நைட்ரஜனுக்கு (தழைச்சத்து மிகுந்தால் கிழங்கில் சேரும் மாசு) இதே குணகம் இரட்டிப்பு. எனவே தரம் குறைந்தால் பொட்டாஷைக் குறைக்கும் முன் யூரியா மூட்டைகளை எண்ணிப் பாருங்கள்.