இசைவிழாவில் பணம் கழன்றுபோகும் இடங்கள்: டிக்கெட் போடுமுன் படித்துவிடுங்கள்

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்குப் போனவர்களில் பலர், செல்லுபடியாகும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். முறையாகக் காசு கட்டி வாங்கிய டிக்கெட்டுகள். ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டிய நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போய், தள்ளிப்போன நாளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை அடைத்துக்கொண்டு, கூட்ட நெரிசலில் பெண்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் புகார்கள் வந்தன. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், தாம்பரம் போலீஸ் வழக்குப் பதிந்தது, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார்.

அது ஒரே மேடை, ஒரே கலைஞர், ஒரு மாலை. இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் ரயிலேறிப் போகும் விழாக்கள் வேறு அளவு. 2023 ஜனவரியில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் ஆரம்பித்த லொல்லாபலூசா இந்தியா மாதிரி, மதியம் தொடங்கி இரவு வரை பல மேடைகளில் பேண்டுகள் மாறி மாறி வாசிப்பவை. டிக்கெட், ரயில், தங்கும் அறை என்று ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு போய்விடும். அந்த அளவு பணம் போடுகிறவர்கள் போலி டிக்கெட்டுக்கு மட்டும் பயந்தால் போதாது. உண்மையான டிக்கெட்டை வைத்தே ஏமாற்றுகிற வழிகள் எத்தனையோ.

முதலில் விலை. 5,000 ரூபாய் என்று போட்டிருக்கும். 500 ரூபாய்க்கு மேற்பட்ட கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது அந்த 5,000-க்குள் அடக்கமா, மேலே 900 ஏறுமா என்பது பணம் கட்டும் பக்கம் வரும்வரை தெரியாது. அதன்மேல் முன்பதிவுக் கட்டணம். 10 சதவீதம் என்று வைத்தால் 500, அந்த 500-க்குத் தனியாக ஜிஎஸ்டி 90. 5,000-இல் ஆரம்பித்தது 6,490-இல் நிற்கும். இப்படிப் படிப்படியாக விலையை ஏற்றுவதும், கேட்காமலே நன்கொடை, காப்பீடு என்று சேர்ப்பதும், 'இன்னும் சில டிக்கெட்டுகளே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 தந்திரங்களுக்குள் வருகின்றன. தடை இருந்தும் நடக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே போங்கள். பிறகு புகார் கொடுக்க அதுதான் சாட்சி.

விதிமுறைகளில் மூன்று வரிகளைத் தேடிப் படித்தே ஆக வேண்டும். 'கலைஞர் பட்டியல் மாறலாம்' என்ற வரி இருந்தால், நீங்கள் யாருக்காகப் போகிறீர்களோ அந்த பேண்டு வராவிட்டாலும் விழா நடந்ததாகவே கணக்கு. 'முன்பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்றால் விழா ரத்தானாலும் அந்தத் தொகை போனது போனதுதான். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: ரத்து வேறு, தள்ளிவைப்பு வேறு. ரத்தானால் பணம் திரும்ப வரும். தள்ளிவைத்தால் 'இதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும்' என்று எழுதியிருப்பார்கள். புதிய தேதியில் உங்களுக்கு லீவு கிடைக்குமா, ரயில் கிடைக்குமா என்பது அவர்கள் கவலை இல்லை. சென்னைப் பக்கம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் நடக்கும் எதற்கும் இந்த வரி உயிர்நாடி. தள்ளிவைத்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம் என்று எழுதியிராத விழாவுக்கு முதல் கட்டச் சலுகை விலையில் டிக்கெட் போடாதீர்கள். அதில் மிச்சமாகும் காசு அந்த அபாயத்துக்கு ஈடாகாது.

புதிய அமைப்பாளர் என்றால் இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். 'இடம் விரைவில் அறிவிக்கப்படும்' என்று போட்டுவிட்டு டிக்கெட் விற்றால், மைதானமும் போலீஸ் அனுமதியும் இன்னும் கையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பேண்டின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கிறதா பாருங்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம்; முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (33 தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரம்), பதிவான பெயரும் தேதியும் கிடைக்கும். 2017-இல் பஹாமாஸ் தீவில் நடப்பதாகச் சொல்லி விற்ற ஃபயர் ஃபெஸ்டிவலில் பிரபலங்களின் விளம்பரம் மட்டும் உண்மை. போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பேரிடர்க் கூடாரம். பெரிய பேண்டு கடைசி நேரத்தில் விலகியது. நடத்தியவருக்கு 2018-இல் ஆறு ஆண்டு சிறை.

கைமாற்று டிக்கெட்டுக்கு வருவோம். 'நண்பன் வர முடியவில்லை, வாங்கிய விலைக்கே தருகிறேன்' என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறவர்கள் அனுப்பும் பிடிஎஃப், பெரும்பாலும் ஒரே கியூஆர் கோடை ஐந்தாறு பேருக்கு விற்ற நகல். கேட்டில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே. மற்றவர்களுக்கு 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்ற செய்தி. செயலியில் சில விநாடிக்கு ஒருமுறை மாறும் கோடு என்றால் ஸ்கிரீன்ஷாட்டே செல்லாது. டிக்கெட்டுக்குப் பதில் மணிக்கட்டில் கட்டும் பட்டையான ரிஸ்ட்பேண்டின் கைமாற்றில் ஆபத்து கூடுதல்: அது முதலில் வாங்கியவரின் போன் எண்ணில் பதிவாகியிருக்கும். உங்களிடம் காசு வாங்கிய பிறகு 'தொலைந்துவிட்டது' என்று சொல்லி அவரே மாற்று ரிஸ்ட்பேண்டு வாங்கிவிட்டால், உங்கள் கையில் இருப்பது வெறும் துணிப்பட்டை. பூட்டு இழுபட்டதோ வெட்டி ஒட்டியதோ கேட்டில் செல்லாது. டிக்கெட் தளத்துக்குள்ளேயே பெயர் மாற்றித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். 'வீடியோ கால் போட்டு டிக்கெட் காட்டுகிறேன்' என்பது எதையும் நிரூபிக்காது. கோல்ட்ப்ளே மும்பைக் கச்சேரி டிக்கெட் 2024 செப்டம்பரில் விற்றுத் தீர்ந்த கையோடு மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்கு வந்தது; அமலாக்கத் துறை சோதனை வரை போனது. யுபிஐ-யில் பணம் போய்விட்டதென்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்கினால்தான் திரும்ப வரும். 'ரீஃபண்ட் அனுப்புகிறேன், யுபிஐ பின் நம்பர் போடுங்கள்' என்றால் அது இரண்டாவது திருட்டு. பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை.

ஸோன் விவகாரத்தில் ஏமாற்று நுணுக்கமானது. நீங்கள் வாங்குவது இருக்கை அல்ல, ஒரு பரப்புக்குள் நுழையும் உரிமை. தளத்தில் இருக்கும் வரைபடம் 'தோராயமானது' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நேரில் போனால் மேடைக்கு முன்னால் இருக்கும் நல்ல பகுதி முழுக்க விஐபி தடுப்புக்குள் போயிருக்கும். பொது டிக்கெட்காரர்கள் அதற்குப் பின்னால், இல்லையென்றால் ஓரத்தில். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் திரையில் வாய் அசைந்து கால் விநாடிக்கு மேல் கழித்துப் பாட்டு வருகிற மாதிரி இருக்கும். அவ்வளவு தூரத்திலும் ஒலி மங்காமல் தெளிவாகக் கேட்க மைதானத்தின் நடுவில் டிலே டவர் என்ற கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்கள் நிறுத்த வேண்டும். செலவைக் குறைக்கும் அமைப்பாளர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். பொது டிக்கெட்டில் போனால் ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸிங் கன்சோல் கூடாரத்தைத் தேடி அதன் பக்கத்தில் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் மொத்தத்தையும் சரிசெய்கிறார், அதனால் மைதானத்திலேயே நல்ல ஒலி அங்கேதான். விஐபிக்கு இரண்டு மடங்கு கொடுப்பதை விட இது எவ்வளவோ மேல்.

நேர அட்டவணை விழாவுக்குச் சில நாள் முன்புதான் வெளிவரும், டிக்கெட் பணமோ மாதக்கணக்கில் முன்பே போயிருக்கும். நீங்கள் பார்க்க நினைத்த இரண்டு பேண்டுகள் ஒரே நேரத்தில் வேறு வேறு மேடையில் வரலாம். கூட்டத்தில் மேடை மாற பத்துப் பதினைந்து நிமிடம். இன்னொன்று, ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மாநில அரசு ஆண்டுக்குச் சில நாள் மட்டும் 12 வரை தளர்த்தலாம். மேலே கூரை போட்ட மாதிரி முடியும் நேரம் அசையாது. ஆகவே கேட் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் அந்த இரண்டு மணி நேரம் மதியம் வாசிக்கும் சின்ன பேண்டுகளின் தலையில்தான் விழும். 45 நிமிடம் 20 ஆகும், சிலருக்கு மேடையே கிடைக்காது.

உள்ளே போனதும் ரிஸ்ட்பேண்டு காசு. ரொக்கம் செல்லாது, பட்டையில் இருக்கும் சிப்பில் பணம் ஏற்றித்தான் வாங்க வேண்டும் என்று சில விழாக்களில் வைத்திருக்கிறார்கள். ஏற்றும் தொகை 500-இன் மடங்கில் மட்டும், ஒரு சாப்பாடு 350 என்று வையுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது மிச்சம் நிற்கும். அப்படி நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மிச்சத்தைத் திரும்பப் பெற விழா முடிந்து சில நாளுக்குள் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள், 120 ரூபாய்க்கு 50 ரூபாய் கட்டணம் என்றால் யார் மெனக்கெடுவார்கள்? எனவே முதலில் குறைந்த தொகை ஏற்றுங்கள். ரிஸ்ட்பேண்டின் பின்புற எண்ணைப் போட்டோ எடுத்து, உங்கள் போன் எண்ணுடன் வீட்டிலேயே இணைத்துவிடுங்கள். நெட்வொர்க் திணறும்போது 'போகவில்லை, மறுபடி தட்டுங்கள்' என்பார்கள். அங்கேதான் இரண்டு தடவை கழியும். தட்டுமுன்னும் பின்னும் கருவியில் மீதி காட்டச் சொல்லுங்கள். வெளியே வரும்போது மீதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றிரவே விண்ணப்பித்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் கேட்டிலேயே பறிபோகும். உள்ளே இலவசக் குடிநீர் எங்கே என்று விதிமுறையில் இல்லையென்றால் அமைப்பாளருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். 1999 ஜூலையில் அமெரிக்காவின் ரோம் நகரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த வுட்ஸ்டாக்கில் கொளுத்தும் வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். அந்த விழா கலவரத்தில் முடிந்ததற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். நம்மூர் ஸ்டாலில் அச்சிட்ட விலைக்கு மேல் காசு வாங்குவதற்காகச் சில கடைக்காரர்கள் மூடியைத் திறந்து கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்கள், 'பாட்டில் விற்கவில்லை, பரிமாறினோம்' என்று சொல்லத்தான். சீல் உடைக்காத பாட்டிலும் பில்லும் கேளுங்கள். கழிப்பறைக்கு ஒரு அளவுகோல் சொல்கிறோம். பிரிட்டனின் நிகழ்ச்சிப் பாதுகாப்புக் கையேடு ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சிக்கு நூறு பெண்களுக்கு ஒன்று என்று வைத்தது. பத்தாயிரம் பெண்கள் வரும் இடத்தில் முப்பது பெட்டி நின்றால் வரிசையிலேயே இரண்டு பேண்டு போய்விடும். மாலை ஐந்து மணிக்கு முன்பே போய் வந்துவிடுவது நல்லது.

காசு சம்பந்தப்படாதது ஒன்று. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் கூட்டம் தனி மனிதர் கட்டுப்பாட்டில் இருக்காது. கையை மார்புக்குத் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் அறிகுறி. எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும் இடைவெளிகளில் குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகருங்கள், கைகள் நெஞ்சுக்கு முன்னால். கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் 2023 நவம்பர் 25-இல் நான்கு பேர் இறந்தது மேடையருகில் இல்லை, நுழைவாயில் படிக்கட்டில். மழை வந்ததும் வெளியே நின்ற கூட்டம் ஒரே வாசலை நோக்கிப் பாய்ந்தது. போனதும் இரண்டாவது வழி எது என்று பார்த்து வையுங்கள்.

வெளியேறும்போது பார்க்கிங், ஷட்டில் என்று தனியாக வாங்கிய காசுக்கு யாரும் பொறுப்பில்லாத நேரம் ஆரம்பிக்கும். 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த டுமாரோவேர்ல்டு விழாவில் மழைச் சேற்றால் ஷட்டில்கள் நின்றுபோய், காசு கட்டியவர்கள் இரவு முழுக்கச் சாலையோரத்தில் கிடந்தார்கள். கடைசி பேண்டின் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து போங்கள். மகாலட்சுமியில் லோக்கல் ரயில் நிலையம் நடக்கும் தூரம். டாக்சி செயலியில் மூன்று மடங்கு விலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றினால்: கேட்டில் மறுத்த இடத்திலேயே போட்டோ, ஸ்கேனரில் வந்த செய்தி, ஊழியரின் அடையாள அட்டை எண். போனில் கத்துவதால் பயனில்லை. அன்றிரவே அமைப்பாளருக்கும் டிக்கெட் தளத்துக்கும் மின்னஞ்சல். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் 'சேவை கிடைக்கவில்லை' என்று சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேளுங்கள். இதற்காகவே யுபிஐ-யை விட கார்டில் கட்டுவது மேல். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், விழா மும்பையில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தளம் 'நாங்கள் இடைத்தரகர்தான்' என்று நழுவும், அதனால் அமைப்பாளர், தளம் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். புகாரை 'சேவைக் குறைபாடு' என்று எழுதுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதினால் அது மாநில ஆணையத்தின் வரம்புக்குப் போய்விடும், மாவட்டத்தில் மனுவை ஏற்க மாட்டார்கள்.