அம்மாவின் வீட்டைக் கட்டிய பெண்கள் குழு: ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு

பால் காய்ச்சிய அன்றே எழுதியிருந்தால் பாயசம் சாப்பிட்ட வாயோடு நல்லதை மட்டும்தான் எழுதியிருப்பேன். அதனால் ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதலாம்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ஒரு முனிசிபாலிட்டி. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், ஆபீஸில் மலையாளம். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அப்பா விட்டுப்போன மூன்று சென்ட் நிலம் பட்டயத்தோடு (இங்கே பட்டாவுக்கு அதுதான் பெயர்) சும்மா கிடந்தது, வேலிக்குப் பதில் முருங்கைமரம். கடைசியில், வீடில்லாதவர்கள் வீடு கட்டக் கேரள அரசு காசு கொடுக்கும் லைஃப் திட்டத்தில் அம்மாவின் பெயர் வந்தது. டவுன் என்பதால் எங்களுக்கு இது மத்திய அரசின் வீட்டுத் திட்டமான பிரதமர் ஆவாஸ் யோஜனாவோடு சேர்ந்து வந்தது. மத்திய அரசு 1.5 லட்சம், மாநிலம் 50,000, முனிசிபாலிட்டி 2 லட்சம், ஆக 4 லட்சம். அந்த வீடுகளில் யார் முத்திரையைப் பதிப்பது என்று டெல்லியும் திருவனந்தபுரமும் சண்டை போட்டுக்கொண்டது நினைவிருக்கும். போட்டுக்கொள்ளட்டும், எங்கள் கவலையெல்லாம் செங்கல் விலை.

முதலில் ஒரு காண்ட்ராக்டரைப் பார்த்தோம். ஏழு லட்சம் ஆகும் என்றார். கையில் நாலுதான் என்றோம். "நாலுக்கு மாட்டுக்கொட்டகை வரும்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் அம்மாவின் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குடும்பஸ்ரீ குழுவில், இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னார்கள். கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயில் இருக்கும் பெண்கள் ஏழு பேர். ஐந்து பேர் தமிழ்க்காரர்கள், இரண்டு மலையாளச் சேச்சிமார். எல்லோருமே முன்பு சித்தாள் வேலைக்குப் போனவர்கள், கல்லும் மண்ணும் சுமந்த கூலியில் பாதி வாழ்க்கை போனது, பயிற்சி எடுத்தபிறகுதான் கொத்தனார் கரணை பிடித்தார்கள். மூத்த அக்கா வந்து உட்கார்ந்ததும் பிளானைக் கேட்கவில்லை. தவணை எப்போது எப்போது வரும் என்று கேட்டார். காசு மொத்தமாக வராது அல்லவா, ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அதைப் போட்டோ எடுத்து ஏற்றி, ஆபீஸில் பார்த்த பிறகுதான் அடுத்தது வரும். நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஏழை வீடுகள் பாதியில் நிற்கின்றன. அந்த அக்காவுக்கு அது பாடம் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை, அவருடைய சொந்த லைஃப் வீடே லிண்டல் மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேலே, நான்கு மாதம் தார்ப்பாய் போட்டு நின்றதாம். எங்களிடம் வேலையை அதற்கேற்பப் பிரித்துப் போட்டார்: இந்தத் தவணைக்கு இவ்வளவுதான் இறக்க வேண்டும், கம்பி அடுத்த தவணையில், ஜன்னல் பழையது போதும். காண்ட்ராக்டர் வீட்டுக்கு விலை சொன்னார், இவர் அம்மாவின் பாஸ்புக்கைப் பார்த்து வீட்டை யோசித்தார். இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துவார்கள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் மூன்று அங்குலம் காலி. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், சிமெண்டும் குறைகிறது. ஒரே சிக்கல், கோணல் செங்கல் இதற்கு ஆகாது. லாரி வந்ததும் அக்கா ஏறி நின்று இரண்டு இரண்டு கல்லாக எடுத்துத் தட்டினார். கணீர் என்றால் கீழே, மொத்தென்று கேட்டால் லாரியிலேயே. டிரைவர் கத்தினார். "கத்து தம்பி, வெயிலுக்குத் தொண்டை காயும், மோர் குடி" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் எண்ணவில்லை, ஆனால் திரும்பிப் போன கல் நிறையவே இருக்கும்.

கூரையில் கான்கிரீட்டுக்கு அடியில், கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துப் போட்டார்கள். இடித்த வீட்டு ஓடு, சல்லிசாகக் கிடைத்தது. கீழே படுத்துப் பார்த்தால் ஓட்டுச் சிவப்பு கட்டம் கட்டமாகத் தெரியும். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, "வெள்ளையடிச்சுடலாமா?" என்றாள். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். ஏப்ரலில் இங்கே வெயில் 40 டிகிரி வரை போனாலும் மத்தியானம் உள்ளே படுக்க முடிந்தது. பழைய லைன் வீட்டில் ஷீட்டுக்குக் கீழே அந்த நேரத்தில் யாரும் படுக்க மாட்டார்கள், திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்போம்.

குறைகளும் இருக்கின்றன. மூன்று மாதம் என்று சொன்னது ஐந்து மாதம் ஆனது. ஒருவர் வீட்டுக் கல்யாணம், ஒருவருக்கு இடுப்பு வலி, ஞாயிறு என்றால் அயல்கூட்டம், யாராவது ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பதிலாக வேறு ஆள் இல்லை. உள்பூச்சு இரண்டு இடத்தில் அலை அலையாக இருக்கிறது, ட்யூப்லைட் போட்டால் தெரியும். நடுவில் வெற்றிடம் உள்ள சுவர் என்பதால் வயரிங் குழாயைக் கட்டும்போதே யோசித்து வைக்க வேண்டும், எங்கள் எலக்ட்ரீஷியன் தாமதமாக வந்ததில் சமையலறைக்கு ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். ஆணி அடிப்பதும் இடம் பார்த்துத்தான். பெரிய குறை பாத்ரூம். தரைச் சரிவு தப்பு, தண்ணீர் வாசல் பக்கம் வந்து தேங்கியது. சொன்னதும் வாதாடவில்லை, வந்து உடைத்துத் திரும்பப் போட்டார்கள், கூலி வாங்கவில்லை. டைல்ஸ் காசு மட்டும் எங்களுடையது. அது நியாயமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

கணக்கு விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. நீளமான நோட்டு ஒன்று. வந்த மூட்டை, போன மூட்டை, அன்றைய கூலி, எல்லாம் அன்றன்று. தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில். மொத்தம் 5 லட்சத்துக்கு ஒரு பத்தாயிரம் மேலே ஆனது. மேலே போனதை அம்மா அயல்கூட்டக் கடனும் கொஞ்சம் நகை அடகுமாகச் சமாளித்தாள். 4 லட்சத்துக்குள் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இவர்களும் அப்படிச் சொல்லவில்லை. மலையாளத்தில் மட்டும் இருந்த அரசாங்கப் படிவத்தை அக்காதான் அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னார். அதை ஒரு ஆபீஸில் கேட்டு நான் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தேன்.

வேலைக்கு நடுவே டீ குடிக்கும்போது ஒரு சேச்சி பழைய கதை சொன்னார். குடும்பஸ்ரீ 1998 மே 17 அன்று மலப்புறத்தில் வாஜ்பாய் தொடங்கி வைத்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கும் முன்னால் 1990-களில் ஆலப்புழை டவுனில் யார் ஏழை என்று கண்டுபிடிக்க வருமானத்தைக் கேட்காமல் ஒன்பது அடையாளம் வைத்துப் பார்த்தார்களாம். வீடு சரியில்லையா, கக்கூஸ் இல்லையா, நல்ல தண்ணீர் இல்லையா, சம்பாதிப்பது ஒரே ஆளா, இரண்டு வேளைச் சோற்றுக்கே திண்டாட்டமா, குடிக்கிற ஆள் உண்டா, இப்படி. ஒன்பதில் நான்கு இருந்தால் ஏழை. அம்மா சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். லைன் வீட்டில் இருந்த காலத்துக்கு ஐந்து வந்தது. "அப்பா இருந்தப்போ ஆறு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பாத்ரூமுக்கு ஒன்று பிடித்தம். ஜூன் மழைக்குள் கூரை ஏற வேண்டுமென்றால் ஓணம் முடிந்ததுமே சொல்லிவைத்துவிடுங்கள், வரிசை நீளம். என் மாமா இப்போது அந்த வரிசையில்தான் நிற்கிறார். பாத்ரூமில் பூச்சுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.