கில்ட்டியா, கல்ப்பபிளா?

கில்ட்டி (guilty), கல்ப்பபிள் (culpable) என்ற இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: குற்றமுள்ள, பழிக்குரிய. ஆனால் இடம் மாற்றினால் இடிக்கும். கில்ட்டி ஒரு தீர்ப்பு. உண்டு, இல்லை, அவ்வளவுதான். மனசு உறுத்தினாலும் 'ஐ ஃபீல் கில்ட்டி' எனலாம். கல்ப்பபிள் பெரும்பாலும் பிறர் எடைபோட்டுச் சொல்வது. அதில் கூடுதல் குறைச்சல் உண்டு. பிரேக் பழுது என்று தெரிந்தே வண்டியை எடுத்த டிரைவரும், தெரிந்தே அனுப்பிய முதலாளியும் 'ஈக்வலி கல்ப்பபிள்', அதாவது சம அளவில் பழிக்குரியவர்கள். வழக்கு டிரைவர் மேல் மட்டும் போட்டால் கோர்ட்டில் கில்ட்டி ஆகக்கூடியவர் அவர் ஒருவர்தான். முதலாளியின் பழி அதனால் கரைந்துவிடாது.

ஸ்காட்லாந்துச் சட்டத்தில் கொலைக்கு அடுத்த படியில் 'கல்ப்பபிள் ஹோமிசைட்' (பழிக்குரிய ஆட்கொலை) என்றே ஒரு குற்றம் இருக்கிறது. அப்புறம், கில்ட்டிக்குப் பின் 'ஆஃப்', கல்ப்பபிளுக்குப் பின் பெரும்பாலும் 'ஃபார்'. சாதாரணப் பேச்சுக்கு என் ஓட்டு கில்ட்டிக்கே. கல்ப்பபிளை அறிக்கைக்கும் தலையங்கத்துக்கும் விட்டுவிடலாம்.