ஸ்டெம் செல் வாங்கும் ஆய்வகங்களே, கையெழுத்துப் போடுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மனித ஐபிஎஸ் செல் (வளர்ந்த செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) விற்கும் நிறுவனம் ஒன்று, லிக்விட் நைட்ரஜன் டிரை ஷிப்பரில் (லிக்விட் நைட்ரஜனை உறிஞ்சிவைத்துக் குளிரைக் காக்கும் கலனில்) அனுப்புவதாக இன்வாய்ஸில் எழுதி அதற்கான கட்டணத்தையும் எங்கள் ஆய்வகத்திடம் வாங்கிக்கொண்டது. வந்ததோ தெர்மாகோல் பெட்டி. அடியில் கொஞ்சம் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. வழியில் வெப்பநிலையைப் பதியும் லாகர் கிடையாது. கேட்டால், “டிரைபான் ப்ளூ சாயச் சோதனையில் 80 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், எங்கள் உத்தரவாதம் அதற்குத்தான்” என்றார்கள். எண்ணிப் பார்த்தபோது அந்த அளவு இருக்கவும் செய்தது. மறுநாள் தட்டில் ஒட்டியிருந்த செல்களை விரல்விட்டு எண்ணலாம். பணம் திரும்பவில்லை.

இந்த உத்தரவாதமே ஏமாற்று. டிரைபான் ப்ளூ, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே புகும். உறைநிலையில் அடிபட்ட செல்லின் சவ்வு முதல் சில மணி நேரம் முழுதாகவே இருக்கும். சாவு உள்ளே தொடங்கி, 24 மணி நேரத்தில்தான் வெளியே தெரியும். ஆகவே ஆர்டரிலேயே “24 மணி நேரத்துக்குப் பின் ஒட்டிய செல்கள்” என்ற அளவுகோலை எழுதி வாங்குங்கள்.

டிரை ஐஸ் என்பதே குற்றமில்லை. பெட்டி நிறைய இருந்தால் குறுகிய பயணத்தைச் செல்கள் தாங்கும். ஆனால் அது −78.5 டிகிரிதான். ஏறக்குறைய −135க்குக் கீழே போனால்தான் நீர் மூலக்கூறுகளின் அசைவு நின்றதுபோல் ஆகும். அதற்கு மேலே சின்னச் சின்னப் பனிப்படிகங்கள் சேர்ந்து பெரிதாகி செல்லைக் கிழிக்கும். வழியில் டிரை ஐஸ் தீர்ந்துபோனால் கேட்கவே வேண்டாம்.

பெட்டி வந்ததும் வயலை (செல்கள் உறைந்திருக்கும் சிறு குப்பியை) டிரை ஐஸ் மேலேயே வைத்து, உறைந்த கட்டியின் மேற்பரப்பைப் பாருங்கள். நிமிர்த்தி உறையவைத்த வயலில் அது மட்டமாக இருக்கும். ஒருபக்கம் சரிந்தோ மூடிவரை ஏறியோ இருந்தால், உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே படம் எடுத்து, டெலிவரி ரசீதிலேயே குறித்துவிடுங்கள். டிரை ஷிப்பரில் வந்தாலும் லாகர் பதிவைக் கேளுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஷிப்பர் சொன்ன நாள்வரை குளிரைத் தாங்காது.

பழி நம் கைமேல் விழாதபடி உருக்குவதும் முக்கியம். 37 டிகிரி நீரில் ஒன்றிரண்டு நிமிடம் அசைத்து, சிறு பனித்துண்டு மிஞ்சும்போதே எடுத்துவிடுங்கள். 15 மில்லி குழாய்க்கு மாற்றி, சுமார் 9 மில்லி மீடியத்தை (செல் வளர்ப்புத் திரவத்தை) சொட்டுச்சொட்டாகச் சேருங்கள். வேகமாக ஊற்றினால், உறையவைக்கும்போது காப்புக்காகச் சேர்த்த டிஎம்எஸ்ஓ உள்ளே இருக்கும் செல் நீரை இழுத்து உப்பி வெடிக்கும். 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, உருக்கிய செல் சாகாமல் காக்க உதவும் ஒய்-27632 என்ற வேதிப்பொருளை 10 மைக்ரோமோலார் சேர்த்த மீடியத்தில் தட்டில் இடுங்கள். ஒய்-27632ஐ விட்டுவிட்டால் விற்றவர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

அதே நாளில், அதே மீடியத்தில், உங்களிடம் உள்ள நல்ல வயல் ஒன்றையும் உருக்குங்கள். அது வளர்ந்து இது வளராவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. வந்த வயல்களில் ஒன்றையாவது உருக்காமல் நைட்ரஜன் ஆவியில் வைத்துவிட்டு, புகார்க் கெடு முடிவதற்குள் இரண்டு தட்டுகளின் 24 மணி நேரப் படங்களையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள்.