நெஞ்செரிச்சலுக்கு முகாமில் விற்கும் பொடி: மண்டபம், தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் உள்ளவர்கள் வாங்கும் முன் இதைப் படிங்க

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் காயப்போட்ட நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆட்டோ மைக் சத்தம். "தீராத நெஞ்செரிச்சல், அல்சர், வாய்வு, எதுக்களிப்பு... நாடி பார்த்து இலவச ஆலோசனை, ஒரே ஒரு நாள் மட்டும்." கை அப்படியே நின்றுவிட்டது. போன வருஷம் என்னிடம் 7,200 ரூபாய் வாங்கிப் போனவர்களின் வசனம், சொல் மாறாமல். பேர் மட்டும் வேறு. அதே ஆட்கள்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் கொஞ்ச நாளில் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, ஆம்பளைகள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், நிவாரணப் பணமும் கைக்கு வரும். போன வருஷமும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. கருவாடு வியாபாரம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். நெஞ்செரிச்சல் எனக்கு ஆறேழு வருஷமாக உண்டு. காலையில் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா, பகல் முழுக்கக் குனிந்து மீன் தரம் பிரிப்பது, லாரிக்கு மூட்டை கட்டி முடித்து ராத்திரி பத்தரைக்கு மேல் சாப்பாடு. குண்டு மிளகாய் அரைத்த புளிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. சாப்பிட்ட கையோடு பாயை விரித்துவிடுவேன். ஒரு மணி, ரெண்டு மணிக்குத் தொண்டை வரை புளிச்ச தண்ணீர் ஏறி வந்து எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடி ஏறும். பல ராத்திரி திண்ணையில் சுவரில் சாய்ந்தே விடிந்திருக்கிறது. இந்த எரிச்சல் உள்ளவர்களுக்குத் தெரியும், எரிகிறதை விட அந்தத் தூக்கம் போவதுதான் ஆளைத் தின்னும்.

மெடிக்கலில் சொல்லி, வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிற பான்டோபிரசோல் 40 மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வருஷம். எப்போதும் சோறு சாப்பிட்ட பிறகுதான் போடுவேன். பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது. இடையில் இடுப்பு வலிக்கு வலி மாத்திரை வேறு. இப்படி மாத்திரை மேல் நம்பிக்கை போன நேரத்தில்தான் அந்த முகாம் வந்தது.

கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். நானும் மதினியும் போனோம். அறுபது எழுபது பேர் இருக்கும். பச்சைச் சால்வை போட்ட ஒருத்தர் மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிஷம் கண்ணை மூடினார். "தாயே, உங்க வயித்துல புண்ணு. ராத்திரி தூக்கம் இல்ல. சரியா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே டோக்கன் கொடுத்த பெண் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் "என்னக்கா பண்ணுது, தூக்கம் வருதா?" என்று கேட்டு நோட்டில் எழுதியது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

மூணு மாதத்துக்கு மூணு டப்பா. 9,000 ரூபாய், முகாமுக்கு வந்ததால் 7,200. வேளைக்கு ஒரு டீஸ்பூன், மூணு வேளை, வெந்நீரில். "இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திருங்க, ரெண்டும் சேர்ந்தா விஷம்" என்றார். வீட்டுக்காரர் கூகுள் பேயில் 4,000 போட்டார், மீதி கையில் கொடுத்தோம். கூகுள் பேயில் வந்தது கம்பெனி பேர் இல்லை, ஒரு தனி ஆளின் பேர். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து முதல் ஸ்பூன் குடித்தேன். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அஞ்சு நிமிஷத்தில் எரிச்சல் அணைந்த மாதிரி அடங்கிவிட்டது. நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அஞ்சு நிமிஷத்தில் கேட்கிற மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்? மதினியிடம் நானே "அருமையா கேக்குது மதினி" என்றேன். என் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் இன்னும் ரெண்டு பேர் போன் போட்டு வாங்கினார்கள். அந்த ரெண்டு பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் எரிச்சல் திரும்ப வரும். மறுபடி ஒரு ஸ்பூன். மூணு வேளை நாலாச்சு, அஞ்சாச்சு. மாத்திரையை நிறுத்திய இரண்டாவது வாரம், வாழ்நாளில் பார்க்காத எரிச்சல். போன் போட்டுக் கேட்டால், "நோய் வெளியேறுதும்மா, கழிவு போகுது, விட்டுராதீங்க" என்றார்கள். பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: இந்த வகை மாத்திரையை மாசக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வயிறு கொஞ்ச நாளைக்கு அமிலத்தை முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நோயும் வெளியேறவில்லை, கழிவும் போகவில்லை.

ஆறாவது வாரம் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வெயிலில் நின்றதால் என்று நினைத்தேன். ஏழாவது வாரம் ஒரு ராத்திரி நெஞ்சை யாரோ முழங்காலால் அமுக்குகிற மாதிரி ஒரு பாரம், வேர்வை. நான் டப்பாவைத்தான் தேடினேன். வீட்டுக்காரர் டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கேஸுன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்க அண்ணனைத் தூக்கிக் குடுத்தோம், நீ கிளம்பு" என்று வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஹார்ட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் பிரஷர் 180/110. ரெண்டு வருஷமாக ஒரே மாத்திரையில் 130/80-ல் நின்ற பிரஷர். அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்ததால் அதைத் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் ஏறியிருக்கிறது. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் மூணு தடவை கேட்டார். முதல் ரெண்டு தடவை "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். வெட்கம்தான் காரணம். தயவுசெய்து யாரும் டாக்டரிடம் அப்படி மறைக்காதீர்கள். சொன்னதும் பொடியை உடனே நிறுத்தச் சொன்னார். நெஞ்சு வலிக்கு ஈ.சி.ஜி. எடுக்க வந்தது சரி, கேஸ் என்று வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள்தான் அதிகம் என்றும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் அப்போதும் எனக்கு மனசு முழுசாக ஒப்பவில்லை. ரெண்டு நாள் கழித்து மகனுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டேன். பொடி எடுக்கிற ஸ்பூன் கழுவாமல் கிடந்தது, கவனிக்காமல் அதைப் போட்டுக் கலக்கினேன். டம்ளர் விளிம்பு வரை நுரை பொங்கி வழிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ரெண்டு கிண்ணம் எடுத்து ஒன்றில் அந்தப் பொடி, இன்னொன்றில் கடையில் வாங்கின ஆப்பசோடா, ரெண்டிலும் எலுமிச்சை பிழிந்தேன். ரெண்டும் ஒரே மாதிரி சீறியது. பொடியில் மட்டும் பச்சையாக இலைத்தூள் கொஞ்சம் மேலே மிதந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "நுரை வந்தாலே சோடான்னு சொல்லிற முடியாதும்மா. சங்கைச் சுட்டுச் செய்யுற சங்கு பற்பம் மாதிரி சுண்ணாம்புச் சத்து உள்ளதும் புளிப்புப் பட்டா நுரைக்கும். ஆனா அது தண்ணியில கரையாம அடியில தங்கும்." ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். இலைத்தூள் தவிர மீதி எல்லாம் கரைந்துவிட்டது. நாக்கில் வைத்தால் உப்புக் கரிப்பு. பொடி லேப்புக்குப் போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை, அதனால் உள்ளே இருப்பது இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவில் சோடியம் சுமார் 1,200 மில்லிகிராம். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் நாலு ஸ்பூன், அஞ்சு ஸ்பூன் என்று வாரக்கணக்கில் குடித்திருக்கிறேன், அதுவும் பிரஷர் இருக்கிற உடம்பில், கருவாடும் தின்றுகொண்டு. சோடா அமிலத்தை அந்த நேரத்துக்கு முறிக்கும், அதனால்தான் அஞ்சு நிமிஷத்தில் அடங்குகிறது. அதில் கிளம்புகிற காற்று வயிற்றை உப்ப வைத்து, அமிலம் மேலே ஏற வழியும் விடும்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடக் கோபம். "குன்மத்துக்கு, அதான் இந்த வயித்து எரிச்சல், புண்ணுக்கு, எங்ககிட்டயே மருந்து இருக்கு, இலவசமா தர்றோம், சீட்டுல பேர் எழுதித் தர்றோம். இவங்க எங்க பேரையும் சேர்த்துக் கெடுக்குறாங்க" என்றார். டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சித்தா மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, செய்தவர் முகவரி, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். என் டப்பாவில் இருந்தது ஒரு முனிவர் படமும் "ஓலைச்சுவடி ரகசிய மூலிகை" என்ற வரியும் ஒரு போன் நம்பரும்தான். அங்கிருந்து போன் போட்டுப் பார்த்தால் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் மருந்து என்ற சொல்லே இல்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. இலவச ஆலோசனை என்று மைக்கில் கூப்பிட்டவர்கள்!

பிறகு எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண். டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார்: வயிறும் உணவுக்குழாயும் சேருகிற இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை இருக்கிறது, சாப்பாடு இறங்கியதும் அது இறுகி மூடிக்கொள்ளணும், எனக்கு அது சரியாக இறுகவில்லை. எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை என்ன தெரியுமா? நான் நாலு வருஷம் போட்ட அதே பான்டோபிரசோல். ஒரே வித்தியாசம், காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். சாப்பிட்ட பிறகு போட்டால் அதன் வேலை பாதிதான் நடக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எட்டு வாரத்துக்கு அப்புறம் அவரே பார்த்து அளவைக் குறைத்தார். சும்மா வருஷக்கணக்கில் போட்டால் பி12 சத்து, மெக்னீசியம் குறையலாம் என்பதால் பார்த்துக் கேட்டுத்தான் போடணும்.

வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான், ஆனால் எனக்கு மாத்திரை அளவுக்கு அதுவும் கேட்டது. கட்டிலில் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழே ரெண்டு ரெண்டு செங்கல். தலையணையை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும், கட்டிலே சரிந்திருக்கணும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறேன். சாப்பாடு ஏழு மணிக்கு, மூட்டை கட்டுகிற வேலை அதற்குப் பிறகு. படுக்கும்போது சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதில்லை. வீட்டுக்காரர் பழைய படகுப் பலகையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை அடித்துக் கொடுத்தார், இப்போது நின்றபடியே மீன் பிரிக்கிறேன். குண்டு மிளகாயை விடவில்லை, பகலில் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறேன். எதைச் சாப்பிட்டால் ஏறுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு மிளகாயைவிடக் கட்டஞ்சாயாதான் எதிரி.

விழுங்கும்போது அடைக்கிறது, காரணம் இல்லாமல் உடம்பு இளைக்கிறது, வாந்தியில் ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பு, இதில் ஒன்று இருந்தாலும் பொடி, கஷாயம், பால் என்று நாளைக் கடத்தாதீர்கள். நெஞ்சு பாரமாகி வேர்த்தால் அந்த நிமிஷமே கிளம்புங்க.

பணம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன், ரெண்டு டப்பாவும் கூகுள் பே விவரமும் சேர்த்து. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போடணும். ஒருத்தி போடுவதைவிட ஏமாந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து போட்டால் எடுபடும்.

மூணாவது டப்பா சீல் உடைக்காமல் என்னிடம் இருக்கிறது. முனிவர் படம், பச்சை மூடி. உங்கள் வீட்டில் அதே மாதிரி இருந்தால் கோபத்தில் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த திங்கட்கிழமை மறுபடி ராமநாதபுரம் போகிறேன்.