யாங்கோன் தேநீர்க் கடை ஒன்று: சுவையும் பரிமாறலும்

மியன்மாரின் யாங்கோன் நகரில் (பழைய ரங்கூன்), அனவ்ரதா சாலைக் காளி கோயிலில் வெள்ளிக்கிழமை வழிபாட்டை முடித்துக்கொண்டு, சற்றுத் தள்ளியுள்ள ஒரு தேநீர்க் கடைக்கு மூன்று மாதங்களாகச் சென்று வருகிறேன். கடையின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன்.

தேநீரில் குறை சொல்ல இடமில்லை. சாயத்தை அழுத்தமாகவும் கெட்டிப்பாலைத் தாராளமாகவும் கேட்டால் அப்படியே வருகிறது. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் சேர்த்த மொஹிங்கா நன்று. சமோசாவை நறுக்கி, புதினாவும் முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து தரும் தட்டு அதனினும் நன்று.

அவற்றைக் கொண்டுவருபவனுக்குப் பதினொரு வயதுக்கு மேல் இராது. கன்னங்களில் தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தான். ஐந்து கோப்பைகளை ஒரே கையில் கோத்துப் பிடிப்பதில் விரலிடுக்குகள் சூடுபட்டுச் சிவந்திருந்தன. விடியுமுன் எழுவதாகவும், கடை அடைத்தபின் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் உறங்குவதாகவும் சொன்னான். ஓராண்டுச் சம்பளத்தை, ஐராவதிக் கழிமுகக் கிராமத்திலிருந்து வந்த அவன் தந்தை முன்பணமாகவே வாங்கிச் சென்றுவிட்டாராம்.

இந்நாட்டின் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைக்குக் குறைந்தபட்ச வயது 14. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடைசெய்யும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கையை மியன்மார் 2013இல் ஏற்றது. 2020இல் டோங்காவும் ஏற்றதும், உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்ற முதல் உடன்படிக்கையாக அது ஆனது. அது தடைசெய்யும் வடிவங்களுள் கடனுக்காகக் கொத்தடிமையாக்குவதும் ஒன்று என்பதால், முன்பணம் என்ற சொல் என் காதில் உறுத்தியது. (நம் முன்னோர் பலரை ரங்கூன் துறைமுகத்துக்கு இழுத்துவந்ததும் கூலிக்கு ஆள்சேர்த்த மேஸ்திரி நீட்டிய முன்பணந்தான்.) உலகில் 2000இல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் 2024இல் 13.8 கோடியாகக் குறைந்திருப்பதால், இம்முயற்சிகளை வெறும் காகிதம் என்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் 2025க்குள் முற்றாக ஒழிப்பதாக ஐ.நா. வைத்த இலக்கு நிறைவேறவில்லை.

“விரட்டிவிட்டால் இவன் எங்கே போவான், ஐயா?” என்று முதலாளி கேட்டார். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் பழைய பேருந்துகளை வகுப்பறையாக்கி, தேநீர்க் கடைப் பிள்ளைகளைத் தேடிச் சென்று பாடம் சொல்லித்தந்த தொண்டு முயற்சியை இதே நகரம் கண்டிருக்கிறது. அதற்கு முதலாளிகள் தர வேண்டியிருந்தது நாளில் ஓரிரு மணி நேரம் மட்டுமே. அதை எடுத்துச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

தேநீருக்கு ஐந்தில் நான்கரை. பரிமாறலுக்கு மதிப்பெண் இடவில்லை. குறைத்து இட்டால் முதலாளியிடம் ஏச்சு வாங்கப்போகிறவன் அந்தப் பையன்.